பாரமில்லானைக் கீறியவர்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் பெயரைக் கேட்பதில்லை. இருக்கச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்து, "தம்பி எந்த இடம்?" என்றுதான் கேட்போம். ஊரைச் சொன்னால் அந்த ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் சொன்னால் இன்னாரைத் தெரியுமா என்று வரும். செம்பு வெறுமையாவதற்குள் வந்தவர் யார், அவருடைய வீட்டில் நாங்கள் கைநனைக்கலாமா, எங்கள் வீட்டில் அவர் எங்கே இருக்கலாம் என்பதெல்லாம் கேட்டவருக்குத் தெரிந்துவிடும். ஊரைக் கேட்பது ஊரை அறிவதற்கு மட்டுமல்ல என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

படம் கீறுகிற அவரிடமும் என் தகப்பன், ஐயா, அப்படித்தான் கேட்டார். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பருத்தித்துறைப் பக்கம் என்றார். சந்தியில் கடை வைத்திருந்த சலீம் நானா கேட்டபோது மன்னார்ப் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். தபாற்கந்தோரில் இருந்தவரிடம் தான் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். மூன்று பதில்களும் ஒரு நாள் சலீம் நானாவின் கடையில் சந்தித்துக்கொண்டன. இதென்ன கதை என்று ஐயா நேரில் கேட்டார். அவர் தடுமாறவில்லை.

"ஆர் ஆர் எதை நம்பினவை எண்டு பாத்தனான்," என்றார்.

அன்று தொடங்கிய சந்தேகம், அவர் எங்களைவிட்டுப் போன பிறகும் எங்கள் வீட்டில் ஒரு கதிரை போட்டு இருந்தது.

அவருக்குப் பெயர் இருந்தது. கந்தோரில் ஒன்று, அவர் கீறிய படக்கதையின் அடியில் வேறொன்று. இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. படம் வரைவதை நாங்கள் கீறுவது என்போம்; எங்கள் குடியேற்றத்தில் அவரைக் 'கீறுறவர்' என்றுதான் சொல்வார்கள்.

அது அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் காணி எடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காடாக இருந்ததை வெட்டி, வாய்க்கால் இழுத்து, வயலாக்கி, ஐயா அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தார். அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞர். அக்கராயன் பக்கத்து வாய்க்கால்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை. தனி ஆள். வீட்டுச் சாப்பாட்டுக்கு இடம் தேடியபோது அம்மா ஓம் என்றார். மத்தியானத்தில் சைக்கிளில் வந்து விறாந்தையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நான் குசினி வாசலுக்கு இப்பால் வரமாட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, வீட்டோடு இருந்த காலம் அது. ஆட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. இப்போதும் பெரிதாக வருவதில்லை.

ஒல்லியான ஆள். நகத்தடியில் கறுப்பு மை எப்போதும் இருக்கும். அம்மா தேசிக்காய்த் துண்டு கொடுத்தும் அது போகவில்லை. வலது தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஒரு தடிப்பு இருந்தது. சேட்டுக் கொலருக்கு மேலே அது எட்டிப்பார்க்கும். கந்தோரில் இருந்து கோடு கீறுகிறவனுக்கு இது எப்படி வந்தது என்று ஐயா முதல் கிழமையே அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

கந்தோர் வேலை முடிந்த பின்னேரங்களில் அவர் வேறொரு வேலை செய்தார். கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வருகிற ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குச் சிறுவர் படக்கதை கீறினார். தடித்த வெள்ளை மட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, அதற்குள் ஆட்களை நிறுத்தி, பிறகு மையால் அவர்களை உறுதியாக்கி, பென்சில் கோட்டை அழித்துவிட்டு, இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி இரயிலில் அனுப்புவார். அந்தப் பத்திரிகை வந்தால் சலீம் நானாவின் கடையில் பிள்ளைகள் கடைசிப் பக்கத்துக்கு அடிபடுவார்கள்.

அவர் முதலில் உண்டாக்கிய வீரர்கள் ஒருவரும் நிலைக்கவில்லையாம். சாப்பிடும்போது அம்மாவுக்குச் சொல்வார், நான் குசினியிலிருந்து கேட்பேன். கடலுக்கு அடியில் கண் தெரிகிற ஒருவன். மூச்சு விட்டால் நெருப்புப் பற்றுகிற ஒருவன். பிறகு, பாறையையும் தூக்குகிற பலசாலி ஒருவன். பிள்ளைகள் ஒருவனையும் விரும்பவில்லை. பலசாலியும் தோற்றுப்போனது ஏன் என்று அம்மா கேட்டார்.

"மூட்டை தூக்கிறவன் பலத்தைக் கேக்கமாட்டான் அம்மா," என்றார் அவர். "மூட்டை பாரமில்லாமல் போகவேணும் எண்டுதான் கேப்பான்."

அப்படித்தான் பாரமில்லான் பிறந்தான். உடம்பில் பாரமே இல்லாத ஒரு மனிதன். அவன் தொட்டால் தொட்ட பொருளின் பாரமும் போய்விடும். புரண்ட லொறியைத் தொட்டு நிமிர்த்துவான். கிணற்றில் விழுந்த மாட்டை இரண்டு விரலால் எடுத்து வெளியே விடுவான். பகலில் அவன் ஒரு கந்தோர் எழுத்தர். வேலைக்கு இறங்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்வான். சூடு மிதித்து நெல் எடுக்கிற காலத்தில் இவன் எங்கள் வயலுக்கு வந்தால் மூட்டை தூக்க ஆள் பிடிக்கத் தேவையில்லை என்று ஐயாகூட ஒருமுறை சிரித்தார். அது அவர் சந்தேகப்படாமல் சிரித்த கடைசிச் சிரிப்பு.

பாரமில்லானைக் கீற அவர் பாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது பலருக்குப் பிடிக்கவில்லை. நெல் மூட்டை தூக்குகிறவனை நிறுத்தி, இன்னொருக்கால் தூக்குங்கோ என்பார். தூக்குகிறவன் முகத்தைப் பார்க்கமாட்டார். கால் பெருவிரலைப் பார்ப்பார், கழுத்து நரம்பைப் பார்ப்பார். பாரம் வரும்போது முகம் பொய் சொல்லும், பெருவிரல் சொல்லாது என்பார். அம்மா உலக்கை போடும்போது சோற்றுக் கையோடு எழும்பி வந்து நின்று பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு அது சிரிப்பும் பகிடியுமாக இருந்தது. சலீம் நானா, சீனி மூட்டையை இறக்கும்போது அவர் பார்த்த பார்வையில் தனக்கு மூட்டை கை நழுவியது என்று சொன்னார்.

என்னிடம் மட்டும் அவர் எதையும் தூக்கச் சொல்லவில்லை. சொல்லாமலே பார்த்திருக்கிறார் என்பது ஒரு வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் கிழமைக் கதையில் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். களைத்து நிற்கிறாள். பாரமில்லான் பின்னால் வந்து, அவளுக்குத் தெரியாமல் குடத்தை ஒரு விரலால் தொடுகிறான். அவள் நிமிர்ந்து நடக்கிறாள், ஏனென்று தெரியாமல். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் கழுத்தைச் சாய்த்திருந்த விதம் என்னுடையது. இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்தின் தோளில் ஒரு நெளிவு இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சாமான் ஏற்றி வந்தபோது எங்கள் குடம் லொறியிலிருந்து விழுந்து நெளிந்த அதே இடம்.

அந்தக் குடத்தை அறியாதவர்கள் எங்கள் குடியேற்றத்தில் இல்லை.

அன்று பின்னேரமே ஐயாவின் தங்கை, என் மாமி, வந்துவிட்டார். கதிரையில் இருக்கவும் இல்லை.

"உன்ர மோளின்ர குடத்தைக் கொழும்பு வரைக்கும் பாத்தாச்சு," என்றார் ஐயாவிடம். "ஒண்டில் கட்டிக் குடு. இல்லாட்டிச் சாப்பாட்டை நிப்பாட்டு. ரெண்டுக்கும் நடுவில ஒண்டும் இல்லை."

அடுத்த நாள் அவர் சாப்பிட வந்ததும் ஐயா பத்திரிகையை அவர் முன்னால் விரித்துவைத்து, இதற்கு என்ன கருத்து என்று கேட்டார். அவர் கனநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ கீறியதைப் பார்ப்பதுபோல.

"கேக்கப் பயமா இருந்தது ஐயா. அதுதான் கீறிப்போட்டன்."

நான் குசினியில் அகப்பையோடு அப்படியே நின்றேன். அப்படி ஒருவர் எனக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசம் வந்தது. வந்த கையோடு இன்னொரு நினைப்பும் வந்தது: இந்த வசனத்தை இவர் சைக்கிளில் வரும்போதே தயார் பண்ணியிருப்பாரோ?

ஐயா மறுக்கவில்லை. நல்ல உத்தியோகம், குடிவகை இல்லை, அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் வழக்கத்தில் விசாரிக்காமல் பெண் கொடுப்பதில்லை. மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், அவர் வீட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்து, கதையோடு கதையாக எல்லாவற்றையும் அறிந்துகொண்டு வரவேண்டும். இங்கே போவதற்கு ஊர் ஒன்று அல்ல, மூன்று. மலைநாடு தூரம் என்று விட்டுவிட்டு ஐயா மற்ற இரண்டுக்கும் போய்வந்தார். பருத்தித்துறையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதிய ஒரு பெடியனை நினைவு வைத்திருந்தார்கள். மன்னாரில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியின் சுவரில் கரியால் ஆட்களைக் கீறிக்கொண்டிருந்த ஒருவனைத் தெரியும் என்றார்கள். அவனேதான் என்று இரண்டு இடத்திலும் அடையாளம் சொன்னார்கள்.

"எல்லா இடத்திலயும் ஆளைத் தெரிஞ்சிருக்கு," என்றார் ஐயா, சால்வையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டு. "ஒரு இடத்திலயும் வீட்டைத் தெரியேல்ல."

ஆளை விசாரிக்க வழி இல்லாமல் போனதும் ஐயா பாரமில்லானை விசாரிக்கத் தொடங்கினார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லாதவன் தன் கதையிலாவது வாய்தவறிச் சொல்லியிருப்பான் என்பது ஐயாவின் கணக்கு. சலீம் நானா கடையில் விற்காமல் கிடந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் கொண்டுவந்தார். ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காணிப் பத்திரம் படிப்பதுபோல ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இவன்ர தாய் தேப்பன் ஆர்?"

"படத்தில இல்லை அண்ணை," என்றார் சலீம் நானா.

"எந்த இடம்?"

"அதுவும் இல்லை. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு ஊரில வந்து இறங்கிறான்."

"பகலில ஒரு பேர். வேலைக்கு வெளிக்கிடேக்க இன்னொரு பேர். ரெண்டு பேர் வைச்சிருக்கிறவன் ரெண்டு குடும்பம் வைச்சிருக்க மாட்டான் எண்டு என்ன நிச்சயம்?"

சலீம் நானா நியாயமான மனிதர். "ஏழை எளியதுகளுக்கு உதவி செய்யிறான் அண்ணை, அதையும் சொல்லத்தானே வேணும்," என்றார்.

"உதவி செய்யிறவன் ஏன் முகத்தை மூடுறான்?"

அந்த விசாரணையில் பாரமில்லான் தோற்றுப்போனான்.

இதையெல்லாம் ஐயா மறைக்கவில்லை. மறுநாள் அவரிடமே கேட்டார். உம்முடைய ஆளுக்கு ஏன் பாரம் இல்லாமல் போனது, அவன் எங்கே பிறந்தவன், இதை ஏன் இன்னும் எழுதவில்லை என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"சொன்னால் பாரம் வந்திடும் ஐயா."

இதுதான் அவருடைய வாக்கு. எதைக் கேட்டாலும், எங்கே கீறப் பழகினீர் என்று கேட்டாலும், தோளில் அதென்ன என்று கேட்டாலும் இதையே சொல்வார். பிள்ளைகளுக்கு அது பகிடியாகப் போய் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லித் திரிந்தார்கள். ஐயாவுக்கு அன்று அது பகிடியாக இல்லை.

"அவனுக்குப் பாரம் வந்தால் வரட்டும். எனக்கு ஒரு ஊர் வேணும். ஒரு தாய் வேணும். உமக்கில்லாட்டி அவனுக்கெண்டாலும் சொல்லும்."

அவர் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமை கழித்துப் பாரமில்லானுக்கு ஒரு தாய் வந்தாள்.

அந்தப் பத்திரிகையைப் பார்த்து ஐயா உண்மையில் சந்தோசப்பட்டார். சொல்லத் தொடங்கிவிட்டான் என்றார். பாரமில்லான் முகத்துத் துணியை அவிழ்த்துவிட்டு ஒரு வீட்டுக்குப் போகிறான். தாய் சோறு போடுகிறாள். அடுத்த கிழமை வீட்டைச் சுற்றிக் காட்டினார். அதற்கடுத்த கிழமை வயல் வந்தது. பாரமில்லான் வரம்பில் காலூன்றி நின்றான். அதுவரைக்கும் அவனுடைய கால்கள் நிலத்துக்கு ஒரு விரல் உயரத்தில்தான் நிற்கும். அதை அவர் அவ்வளவு கவனமாகக் கீறுவார். இப்போது பாதம் மண்ணில் அழுந்தியிருந்தது.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அம்மாவுக்கு வலது முழங்காலில் நோ. ஓலைக் கடகத்தை எப்போதும் இடது இடுப்பில்தான் வைப்பார், அப்போது வலது கையால் முழங்காலைத் தொடுவார். படத்திலிருந்த தாயும் கடகத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இது நானெல்லே," என்றார் அம்மா. வெட்கமும் சிரிப்புமாகத்தான் சொன்னார்.

ஐயா பத்திரிகையை வாங்கினார். பிறகு முந்திய கிழமைகளுக்குரியவற்றையும் எடுத்தார். விறாந்தைத் தூணில் வண்டில் இடித்த காயம். கயிற்றால் இழுத்துக் கட்டிய கிணற்றுக் கப்பி. வாய்க்கால் திரும்புகிற இடத்தில் கோணிப்போன எங்கள் வரம்பு. ஐயாவின் முகம் மாறியதை நான் கதவிடுக்கால் பார்த்தேன்.

எங்கள் காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி. விற்க முடியாது, துண்டாக்க முடியாது. பின்னுரித்தாக ஒரு பிள்ளையின் பெயரைத்தான் எழுதலாம். ஐயாவுக்கு நான் ஒரே பிள்ளை. என்னைக் கட்டுகிறவர் அந்த வரம்பில்தான் வந்து நிற்பார். இவர் கட்டாமலே வந்து நின்றுவிட்டார் என்று ஐயாவுக்குப் பட்டது.

"முதல்ல மோளின்ர குடம்," என்றார் ஐயா. "பிறகு மனிசி. பிறகு வீடு. இப்ப வயல். இன்னும் என்ன மிச்சம்?"

அதை அவர் வந்தபோது நேரிலும் கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. இலைக்கு முன்னால் இருந்தபடி, அம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"எனக்குத் தெரிஞ்ச வீடு இதுதான்."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தார். அவர் அதைப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவனின் பெருவிரலைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். அந்தப் பார்வையை நான் காணாமல் இருந்திருந்தால் அன்றே அவரை நம்பியிருப்பேன்.

ஐயாவின் கடைசிச் சொல், உயிரோடு ஒரு ஆளைக் கூட்டிவாரும் என்பது. தாய் தகப்பன் இல்லாவிட்டால் இனசனத்தில் ஒருவர். எனக்குத் தெரியும், ஐயா முழுதாக மறுக்க மனமில்லாமல்தான் அப்படிச் சொன்னார். ஒரு ஆள் வந்து சொன்னால் போதும் என்று அவருக்கும் இருந்தது. அன்று குசினியில் அம்மா என்னிடம், பிள்ளை, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். வருகிற ஆள் சொல்வது உண்மையாக இருந்தால் எனக்குச் சம்மதம் என்றேன். அவ்வளவு நீளமாக நான் என் விருப்பத்தைச் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவர் கூட்டிவந்தவர் ஒரு வயதான மனிதர். புளியங்குளத்திலிருந்து இரயிலில் வந்திருந்தார்கள். சித்தப்பா என்றார். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. கதிரையில் இருந்த விதத்திலேயே ஒரு கம்பீரம். ஐயா கேட்கக் கேட்க நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். முல்லைத்தீவுப் பக்கம்தான் பிறந்த இடம். பிள்ளை பிறந்தவுடன் தாய் கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் நெல்லுக் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவர், வேலை எங்கேயோ அங்கே பிள்ளையையும் கொண்டு திரிந்தார். பருத்தித்துறை, மன்னார், மலைநாட்டில் ஒரு தோட்டத்துக் களஞ்சியம். பெடியன் வளர்ந்ததே மூட்டைகளுக்கு மேலேதான். தகப்பன் விழுந்த பிறகு, மீசை முளைக்காத வயதில் அவனே தோள் கொடுத்தான். இதைச் சொல்லும்போது கிழவரின் குரல் தழுதழுத்தது. சால்வையால் முகத்தை மூடி, ஒரு மூச்சு அழுதார்.

ஐயாவும் கொஞ்சம் அசைந்துவிட்டார். கீறுறவர் சொன்ன மூன்று ஊர்களுக்கும் கிழவரின் கதையில் இடம் இருந்தது. தோளில் இருந்த தடிப்புக்கும் இடம் இருந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுபோனார். நான் குசினிக்குள், என்னுடைய வாழ்க்கை இப்படித்தான் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சலீம் நானா அம்மா சொல்லிவிட்டிருந்த சீனியைக் கொண்டுவந்தார். படியில் கால் வைத்தவர் கிழவரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டார்.

"அண்ணாவியார், நீங்கள் எங்கை இந்தப் பக்கம்?"

நானா முல்லைத்தீவு ஆள். அங்கே கூத்துப் போட்டால் முன்வரிசையில் இருந்து பார்ப்பவர். கிழவர் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், இராசாவாக வருகிறவராம். பிள்ளையைப் பறிகொடுத்த இராசா அழுகிற இடத்தில் கூட்டம் முழுவதும் சேர்ந்து அழும் என்று நானா பெருமையாகச் சொல்லத் தொடங்கி, ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். சீனிப் பையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கிழவர்தான் பேசினார், அதே குரலில்.

"கூத்தாடுறவனுக்கு அண்ணன்ர பிள்ளை இருக்கப்படாதோ?"

"இருக்கலாம்," என்றார் ஐயா. "இருக்கலாம் அண்ணாவியார். ஆனால் நீங்கள் அழுததை நான் என்னெண்டு நம்புறது?"

தேத்தண்ணி அப்படியே இருந்தது. அவர் கிழவரை எழுப்பி, சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது கிழவர் கண்ணைத் துடைத்தார். அப்போது பார்க்கிறவர்கள் யாரும் இல்லை, நான் ஒருத்தி யன்னலுக்குப் பின்னால் நின்றதைத் தவிர. ஆனால் நான் நிற்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது.

தோளில் இருக்கிற தடிப்புப் பொய் சொல்லாதுதானே என்று அம்மா ஐயாவிடம் கேட்டுப்பார்த்தார். தடிப்பு முதலே இருந்திருக்கும், அதற்குப் பொருத்தமாகக் கதையைப் பிறகு கட்டியிருப்பான், அவனுடைய தொழிலே அதுதானே என்றார் ஐயா. சாப்பாடு நின்றது.

பிறகு நான் அவரோடு பேசியது ஒரே ஒரு தடவை. கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரித்துச் சவர்த்துப்போகும். குடிக்கிற தண்ணீருக்கு வாய்க்கால் தெருவில் இருக்கிற பொதுக்கிணற்றுக்குப் போவோம். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றியபோது அவர் சைக்கிளை நிறுத்தினார். பின்னேர வெயில். தூரத்தில் ஆட்கள் வயலில் நின்றார்கள். அதனால் எனக்குப் பயம் இல்லை, வெட்கம்தான்.

கொழும்பிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள் என்றார். பிள்ளைகளுக்குப் பாரமில்லானின் தாயும் வேண்டாமாம், வீடும் வேண்டாமாம். அவன் இப்போது ஊரில் எல்லோரையும்போல நடக்கிறானாம். பழையபடி மிதக்க விடாவிட்டால் பக்கத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

"ஐயா கேட்டதெல்லாம் குடுத்தன்," என்றார். "ஊர் கேட்டார், தாய் கேட்டார், ஆள் கேட்டார். ஒண்டையும் நம்பேல்ல. நீங்கள் நம்புறியளோ?"

ஓம் என்று சொல்ல எனக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொல்லக் காரணமும் இருந்தது. குடத்தைப் பார்த்தேன். என் வாயில் வந்தது வேறொன்று.

"உங்கட ஆள் தொட்டால் குடம் பாரமில்லாமல் போயிடும் எண்டு கீறினீங்கள். பாரமில்லாட்டில் உள்ளுக்குத் தண்ணி இருக்கோ இல்லையோ எண்டு அவள் என்னெண்டு அறியிறது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தார். நெளிந்த இடத்தைப் பார்த்தார். என் பெருவிரலைப் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

"அதை நான் யோசிக்கேல்ல," என்றார் கடைசியில். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

அடுத்து வந்த பத்திரிகையில் பாரமில்லான் பழையபடி நிலத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றான். வீடும் இல்லை, வயலும் இல்லை, தாயும் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு வசனமும் இல்லை. என்னை எங்கே விட்டுவிட்டான் என்று அம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சக் காலத்தில் அந்தக் கதையும் நின்று, அந்த இடத்தில் வேறு யாரோ கீறிய மிருகக் கதை வந்தது. அவர் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார் என்றார்கள். வவுனியாவுக்கு என்று கந்தோர்க் காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். கல்லோயாவுக்கு என்று தபாற்கந்தோரில். வேலையையே விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போவதாகச் சலீம் நானாவிடம்.

எனக்கு வேறு இடத்தில் பேசி முடித்தார்கள். ஊர் தெரிந்த, தாய் தகப்பன் இருந்த மாப்பிள்ளை. நல்ல மனிதர். அந்த வரம்பில் அவர்தான் வந்து நின்றார்.

மூத்தவள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் சலீம் நானா ஒரு பத்திரிகையோடு வந்தார். இது வேறு பத்திரிகை. ஐயாவிடம் கொடுத்து, கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ அண்ணை என்றார். அண்ணாவியார் வந்த அன்று வாய் திறந்ததை நானா பிறகு ஒருபோதும் பேசியதில்லை. ஆனால் இப்படியான பக்கம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்புவதுமில்லை.

ஐயா கண்ணாடியைப் போட்டார். வீரனுக்கு வேறு பெயர், கீறியவருக்கும் வேறு பெயர். ஆனால் பாரம் தூக்குகிற ஒருவனின் பெருவிரல் அதில் இருந்தது, ஆகவே எங்களுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. இந்த வீரனுக்கு முதல் கிழமையிலிருந்தே ஒரு வீடு இருந்தது. ஓட்டு வீடு. முற்றத்தில் மாதுளை மரம். தாய் குண்டான ஒரு பெண், காதில் பெரிய தோடு. தகப்பன்கூட இருந்தார், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாய்மனைக் கதிரையில். சுவரில் ஒரு வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வரைக்கும் கீறப்பட்டிருந்தது.

ஐயா விரல் வைத்து எல்லாக் கட்டங்களையும் பார்த்து முடித்தார்.

"இது ஆரின்ர வீடோ தெரியேல்ல," என்றார். "பாவம், அதுகள்."

பத்திரிகையை என்னிடம் தந்துவிட்டு வயலுக்குப் போனார். நானும் ஐயாவைப்போலவே விரல் வைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் எங்களுடையது ஒன்றும் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணின் கழுத்து நேராக இருந்தது, என்னைப்போலச் சாயவில்லை. கடைசிக் கட்டத்தில், மாதுளைக்குப் பின்னால், கிணற்றுக்கட்டில் ஒரு குடம் இருந்தது. மிகச் சிறிது. அதன் தோளில் ஒரு நெளிவு.

மறந்துபோய்க் கீறினாரா, மறக்காமல் கீறினாரா? இதையும் யாரோ ஒருத்தி ஒரு நாள் பார்ப்பாள் என்று தெரிந்தே வைத்தாரா? அல்லது அவருக்குக் குடம் என்றால் இனி எல்லாமே அப்படித்தான் கைக்கு வருமா? எந்தப் பதிலை நம்பினாலும் அவர் எங்கேயோ இருந்து, நான் எதை நம்பினேன் என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். மூலையில் எங்கள் குடம் இருந்தது. காலையில் யார் கடைசியாகத் தண்ணீர் எடுத்தார்கள் என்று நினைவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.